கோப்புறைக்குப் பூட்டு வந்த வரலாறு

தனியொருவர் வாழும் வீட்டில் உள்ளறைகளுக்குப் பூட்டு வேண்டுவதில்லை. இருவர் வாழத் தொடங்கியதும், "இது யாருடையது? இதை யார் எடுக்கலாம்? யார் மாற்றலாம்?" என்னும் வினாக்கள் எழுகின்றன. நிலம், நீர், தானியம், ஏடு ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

இன்று பல இல்லங்களில் ஒரே கணினியைத் தந்தை, தாய், மக்கள் என நால்வரும் ஐவரும் பயன்படுத்துகின்றனர். ஒவ்வொருவரும் தம் எழுத்துகளையும் படங்களையும் 'ஃபோல்டர்' என்று நாம் வழங்கும் கோப்புறைகளில் இட்டு வைக்கின்றனர். ஒருநாள் மகள் தன் கல்லூரிக் கட்டுரையைத் திறக்க முயல்கிறாள். "அனுமதி இல்லை" என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லை. தம்பி ஏதோ செய்துவிட்டான் என்று அக்காள் சொல்கிறாள். இயந்திரம் கெட்டுவிட்டது என்று தந்தை சொல்கிறார். உண்மையில் தம்பியும் குற்றம் செய்யவில்லை, இயந்திரமும் கெடவில்லை. ஒரு பூட்டு தன் கடமையைச் செய்திருக்கிறது, அவ்வளவே.

அந்தப் பூட்டை யார் செய்தார்கள்? எதற்காகச் செய்தார்கள்? அது நம் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தது? மாணவ நண்பர்களே, இவற்றை அறிந்தவர்க்கு அதைத் திறக்கும் வழியும் விளங்கிவிடும். ஆதலின் இன்று அந்த வரலாற்றையே பேசப் புகுகின்றேன்.

1950-களில் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பேரியந்திரம். அதனிடம் வேலை வாங்க விரும்பியவர், தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அட்டைக்கட்டைக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார். இயந்திரம் ஒரு நேரத்தில் ஒருவர் வேலையையே செய்தது. வேலை முடிந்ததும் அட்டைகள் உரியவரிடம் திரும்பிச் சென்றன. அவரவர் எழுத்து அவரவர் பெட்டியில் இருந்தது. ஆகவே இயந்திரத்துக்குள்ளே பூட்டு என்ற பேச்சே எழவில்லை.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இந்நிலையை மாற்ற முயன்றனர். மனிதன் ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடித்துச் சிந்திக்கும் நேரத்தில் இயந்திரம் வாளாவிருக்கிறதே, அந்நேரத்தில் அது வேறொருவர்க்கு உழைக்கலாகாதா என்று அவர்கள் எண்ணினார்கள். 1961 நவம்பரில் அவர்கள் செய்து காட்டிய முறைக்குக் காலப்பகிர்வு என்று பெயர். சி.டி.எஸ்.எஸ். என்னும் எழுத்துகளால் அது வழங்கிற்று. ஒரே இயந்திரம் பலரிடையே மாறி மாறி உழைக்கும். ஒவ்வொருவர்க்கும் அது தமக்கே உரியது போலத் தோன்றும்.

இதனால் விளைந்த பெருமாற்றம் யாது? பெட்டிகளில் இருந்த எழுத்துகள் இயந்திரத்தின் வட்டுக்குள் குடியேறின. பலருடைய எழுத்து ஒரே இடத்தில் சேர்ந்தது. உடனே பழைய வினா புது இடத்தில் எழுந்தது: யாருடையது எது? ஒவ்வொருவர்க்கும் தனி இடமும், தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க ஒரு கடவுச்சொல்லும் அங்கே வகுக்கப்பட்டன. இன்று நாம் நாள்தோறும் பலமுறை தட்டுகின்ற கடவுச்சொல்லுக்கு அந்த இயந்திரமே முன்னோடி.

பூட்டு பிறந்த உடனேயே அதைத் திறக்கும் சூழ்ச்சியும் பிறந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் அவர்தம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை. 1962-ஆம் ஆண்டில், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே அவர் இயந்திரத்தைக் கேட்டார். அதுவும் பணிவோடு அச்சிட்டுக் கொடுத்தது! பிறர் பெயரில் நுழைந்து தம் கணக்குகளைச் செய்துகொண்ட அவர், பல்லாண்டுகள் கழித்தே அச்செய்தியை வெளியிட்டார்.

1966-இல் அதே இயந்திரத்தில் இன்னொரு நிகழ்ச்சி. நாள்தோறும் எல்லார்க்கும் காட்டப்படும் அறிவிப்பு ஒரு கோப்பில் இருந்தது. கடவுச்சொற்கள் மற்றொன்றில் இருந்தன. மேலாளர் ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில், மற்றொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தும் கருவியோ, இடையே எழுதி வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தாம் வேலை செய்வார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கருவி அது. இரண்டு கோப்புகளும் இடம் மாறிப்போயின. அன்று நுழைந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வந்து நின்றன.

இந்த நிகழ்ச்சியை வெறும் வேடிக்கைக் கதையாகக் கொள்ளற்க. ஒருவர்க்கெனச் செய்த ஏற்பாட்டைப் பலர் ஆளும்போது வரும் கேட்டை இது காட்டுகிறது. இதன் மறுதலையான கேடும் உண்டு: பலர்க்கெனச் செய்த ஏற்பாட்டைச் சிலர் ஆள்வது. நம் வீடுகளில் நேர்வது அதுவே. அதற்குப் பின்னர் வருவேன்.

கார்பட்டோ குழுவினர் அடுத்து மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கினர். பெல் ஆய்வுக்கூடமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. 1965-இல் அத்திட்டம் பற்றிய கட்டுரைகள் வெளியாயின. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் மற்றொன்று என்று மரக்கிளை போல் அடுக்கும் முறையும், ஒவ்வொரு கோப்போடும் ஒரு பெயர்ப்பட்டியலை இணைத்து, "இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம்" என்று குறிக்கும் முறையும் அத்திட்டத்தில் இடம் பெற்றன. இப்பட்டியலுக்கு அணுகுரிமைப் பட்டியல் என்று பெயர். அதை நினைவில் வையுங்கள்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அவ்வாண்டிலேயே சிறியதொரு இயந்திரத்தில் எளியதொரு முறையைக் கட்டத் தொடங்கினர். அதுவே யூனிக்ஸ். நீண்ட பெயர்ப்பட்டியலை அவர்கள் சுருக்கினர். முதலில் உரிமையாளர், ஏனையோர் என்று இரு பிரிவு இருந்தது. பின்னர் இடையே குழு என்ற மூன்றாம் பிரிவும் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம். பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். வகுப்பாசிரியர் அதைப் படிக்கலாம், எழுதலாம். மற்ற ஆசிரியர்கள் படிக்கலாம், எழுதலாகாது. வெளியார் தொடவே கூடாது. யூனிக்ஸ் இதை எண்ணாக எழுதும். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. ஆசிரியர்க்கு 4-உம் 2-உம் கூடி 6, உடனாசிரியர்க்கு 4, வெளியார்க்கு 0. ஆகவே பதிவேட்டின் உரிமை 640. 4, 2, 1 ஆகிய மூன்றையும் எவ்வாறு சேர்த்துக் கூட்டினும் ஒரு கூட்டுத்தொகை இருமுறை வாராது. ஆதலின் எண்ணைக் கண்டதும் உரிமையைச் சொல்லிவிடலாம். கணக்கு விருப்பமுள்ளவர்கள் தாளில் எழுதிப் பார்த்து மகிழலாம்.

கோப்புறைக்கு வரும்போது இவ்வுரிமைகளின் பொருள் சற்றே மாறும். கோப்புறையைப் படித்தல் என்பது, உள்ளே இருப்பவற்றின் பெயர்களைக் காண்பது. எழுதுதல் என்பது, உள்ளே புதியன வைப்பதும் உள்ளவற்றை நீக்குவதும். இயக்குதல் என்பதோ அதன் வழியே நடந்து செல்வது. நடைக்கதவு அடைத்திருந்தால் உள்ளறை திறந்திருந்தும் பயனில்லை அன்றோ? அவ்வாறே மேலுள்ள ஒரு கோப்புறையில் நடக்கும் உரிமை இல்லாவிடின், அடியிலுள்ள கோப்பில் எல்லா உரிமையும் இருந்தும் அதை அடைய முடியாது. "இந்தக் கோப்பு எனக்குத்தான் என்று காட்டுகிறது, ஆனால் திறக்கவில்லையே" என்று மயங்குவோர் ஒவ்வொரு படியாக மேலே சென்று நடைக்கதவைப் பார்த்தல் வேண்டும்.

இனி வீட்டுக் கணினியின் கதைக்கு வருவோம். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சிறு கணினிக்குத் தனியாள் கணினி என்பதே பெயர். ஆள் ஒருவரே, பூட்டு எதற்கு? அதில் இயங்கிய டாஸ் முறையில் கோப்புக்கு உரிமையாளர் என்ற குறிப்பே கிடையாது. 'படிக்க மட்டும்', 'மறைவானது' என்ற அடையாளங்களை இடலாம். இட்டவரல்லாத எவரும் அவற்றை நீக்கவும் செய்யலாம். அவை எச்சரிக்கைப் பலகைகளே; பூட்டு அல்ல. 1995-இல் வந்த விண்டோஸ் 95 தொடக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. ஆனால் 'எஸ்கேப்' பொத்தானை அழுத்தினால் கேள்வியை விட்டுவிட்டு உள்ளே அனுமதித்தது! அதை வேலி என்று சொல்லலாமே ஒழிய மதில் என்று சொல்வதற்கில்லை.

அதே நிறுவனத்தில் வேறொரு கிளையும் வளர்ந்துகொண்டிருந்தது. அலுவலகங்களுக்காக டேவ் கட்லர் என்பவர் தலைமையில் கட்டப்பட்ட விண்டோஸ் என்.டி. 1993-இல் வெளிவந்தது. அதன் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு; அணுகுரிமைப் பட்டியலும் உண்டு. முன்னர் மல்டிக்ஸில் கண்ட அதே பட்டியல்தான்! 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இந்த அலுவலகக் கிளையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே ஆப்பிள் நிறுவனத்தின் புதிய மேக் இயக்கமுறையும் யூனிக்ஸ் வழியில் வந்து சேர்ந்தது.

வரலாற்றின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் பேரலுவலகத்திலும் நூற்றுக்கணக்கானோர் ஆளும் இயந்திரத்துக்காகச் செய்த பூட்டு அது. அங்கே அந்தப் பூட்டைக் காப்பதற்கென்றே பயின்ற நிர்வாகி ஒருவர் இருப்பார். பூட்டு வீட்டுக்கு வந்தது, நிர்வாகி வரவில்லை. ஆகவே, வீட்டில் சில காலம் எல்லாரும் நிர்வாகிகளாக இருந்தனர். எக்ஸ்.பி.யைப் புதிதாக நிறுவுகையில் உருவாக்கிய கணக்குகள் யாவும் நிர்வாகி உரிமையுடனேயே அமைந்தன. எல்லார் கையிலும் தலைச்சாவி இருப்பின் பூட்டு இருந்தும் இல்லாததே. 2007-இல் விண்டோஸ் விஸ்டா பரவியபோது, பெருஞ்செயல் எதையும் செய்யுமுன் "உறுதியாகச் செய்யலாமா?" என்று கேட்டு நிற்கும் வழக்கம் வந்தது. பலர் அதைத் தொல்லை என்று வெறுத்தனர். காரணம் அறியாமல் காவலை வெறுப்பது எளிது.

இனி, திறக்காத கோப்புறைக்கு மிகப் பொதுவான காரணம் ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸில் பூட்டு அறிவது உங்கள் பெயரையன்று, ஓர் எண்ணை. கணக்கு ஒன்றைத் தொடங்கும்போது எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று அதற்கு வழங்கப்படும். அதன் இடைப்பகுதி அந்தக் கணினியில் இயக்கமுறையை நிறுவியபோது அமைந்தது. இறுதிப்பகுதி ஆளுக்கு ஆள் மாறும். இயக்கமுறையை மீண்டும் நிறுவினால், பழைய பெயரையே மீண்டும் இட்டாலும், எண் புதிதாகிவிடும். கணினியின் கண்ணுக்குப் பழைய முருகனும் புதிய முருகனும் வெவ்வேறு ஆட்களே. பழைய முருகன் பூட்டிய அறைமுன் புதிய முருகன் அயலானாக நிற்கிறான்.

எங்கள் வீட்டில் அண்மையில் இது நிகழ்ந்தது. பழைய கணினி ஓய்ந்துபோகவே, அதன் வட்டை எடுத்துப் புதியதில் இணைத்தோம். காலஞ்சென்ற என் துணைவியாரின் கடைசி ஆண்டுகளில் எடுத்த படங்கள் அதில் ஒரு கோப்புறையில் இருந்தன. கோப்புறை திறக்கவில்லை. பழுது பார்க்க வந்தவர், "உள்ளே இருப்பது கெட்டுவிட்டது, ஐயா, வட்டை அழித்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அருகில் இருந்தாள். "தாத்தா, கெட்டுப்போனால் வேறு மாதிரி சொல்லும். இது அனுமதி இல்லை என்றுதானே சொல்கிறது? பூட்டித்தான் இருக்கிறது" என்றாள்.

அவள் சொன்னதே மெய். கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'புராபர்ட்டீஸ்' என்பதில் 'செக்யூரிட்டி' என்னும் பக்கத்தைத் திறந்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்னும் எண் மட்டும் நின்றது. பெயரைச் சொல்லும் பதிவேடு பழைய இயக்கமுறையோடு போய்விட்டது. எண் மட்டும் எஞ்சிற்று. பின்னர் நிர்வாகிக் கணக்கில் இருந்தபடியே 'அட்வான்ஸ்ட்' என்பதில் 'ஓனர்' என்ற வரியில் உரிமையாளரை மாற்றி, உள்ளிருக்கும் கோப்புறைகளுக்கும் அது செல்லுமாறு குறித்தாள். அதன்பின் வீட்டார் கணக்குகளுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் வழங்கினாள். படங்கள் எல்லாம் குறைவின்றி இருந்தன. "கெட்டதா, பூட்டியதா?" என்று முதலில் கேட்காதிருந்தால் அவை அன்றே அழிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. உரிமைப் பூட்டு வேறு; மறைகுறியாக்கம் வேறு. பூட்டிய அறையை நிர்வாகி திறக்கலாம். மறைகுறியாக்கிய கோப்போ, எழுத்தே உருமாறிக் கிடப்பது. அதற்குரிய திறவியை இழந்தால் உரிமையாளரை மாற்றியும் பயனில்லை. ஆகவே இயக்கமுறையை மாற்றுமுன், அவ்வாறு காத்து வைத்தவை உண்டா என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டுத் தெரிந்துகொள்க. திறவியை வேறிடத்தில் பத்திரப்படுத்துக.

இன்னொரு காரணமும் அடிக்கடி நேர்வது. தந்தை தம் கோப்புறையிலிருந்த ஒன்றைப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்துகிறார். ஆயினும் மற்றவர்க்கு அது திறப்பதில்லை. ஏன்? ஒரே வட்டுப்பகுதிக்குள் நகர்த்திய கோப்பு தன் பழைய பூட்டையும் சுமந்துகொண்டே செல்லும். படியெடுத்து வைத்தாலோ, புதிய படி தான் சேர்ந்த கோப்புறையின் உரிமைகளை ஏற்கும். ஆகவே பொதுவில் வைக்க விரும்புவதைப் படியெடுத்து வையுங்கள். அல்லது நகர்த்தியபின் உரிமையைச் சரிபாருங்கள்.

இத்தகைய தொல்லை வரும்போது பலரும் தேடிக்கொள்ளும் குறுக்கு வழி ஒன்றுண்டு. விண்டோஸில் 'எல்லோர்' என்னும் பெயருக்கு முழு உரிமையைக் கொடுத்துவிடுவது. யூனிக்ஸ் வழி வந்தவற்றில் 777 என்று எழுதிவிடுவது. தொல்லை அக்கணமே தீரும். ஆனால் கதவு பழுது என்று மதிலை இடித்த கதை அது. அதன்பின் குழந்தையின் விரல் தவறினாலும், எவர் கணக்கிலேனும் தீய நிரல் ஒன்று நுழைந்தாலும், அனைவர் எழுத்தும் ஒருங்கே அழியக்கூடும். 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு நெறியை வகுத்தனர்: ஒவ்வொருவர்க்கும் அவர் பணிக்கு வேண்டிய அளவு உரிமையே வழங்குக, அதற்கு மேல் வேண்டா. படிக்க வேண்டியவர்க்குப் படிக்கும் உரிமை. எழுத வேண்டியவர்க்கே எழுதும் உரிமை.

இந்நெறியை ஒட்டி ஒரு வீட்டுக்கு வேண்டியவை சிலவே. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு. அனைவர்க்கும் ஒரு பொதுக் கோப்புறை. நிர்வாகத்துக்கென்று தனியே ஒரு கணக்கு. அந்த நிர்வாகிக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. அதன் கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவரே அறிந்திருந்து அவர் இல்லாமற்போனால் வீட்டார் அனைவரும் வெளியே நிற்க நேரும். இவற்றோடு, அருமையானவற்றுக்கு வேறொரு வட்டில் ஒரு படி.

கோப்புறைக்குப் பூட்டு இடுதல் வீட்டாரை ஐயுறுவதாகும் என்று சில பெரியோர் வருந்துவதுண்டு. அங்ஙனம் வருந்த வேண்டுவதில்லை. மாசசூசெட்ஸில் முதல் கடவுச்சொல்லை வகுத்தவர்களும் தம் தோழர்களைத் திருடர் என்று கருதி அதைச் செய்யவில்லை. ஒரே இயந்திரத்தில் பலர் இடையூறின்றிப் பணியாற்றவே செய்தனர். மகளின் நாட்குறிப்பு மகளுக்கே உரியது என்பதை மதிக்கும் வீட்டில், பொதுக் கோப்புறையும் செழிக்கும்.

மாணவ நண்பர்களே, அடுத்தமுறை உங்கள் திரையில் "அனுமதி இல்லை" என்ற வரி தோன்றுமாயின், சினந்து எதையும் அழித்துவிடாதீர்கள். கெட்டதா, பூட்டியதா என்று முதலில் கேளுங்கள். பூட்டியதெனில், உரிமையாளர் யார் என்று பாருங்கள். நடைக்கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டியவர்க்கு வேண்டிய அளவு உரிமையைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் இதனை அறிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அப்போது பூட்டோடு வாராத அந்த நிர்வாகியின் இடம் உங்களுடையது. அதைப் பொறுமையோடும் நேர்மையோடும் வகித்து, அறிந்ததை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் கற்பியுங்கள்.